றோஸ் மச்சாளின் முதலை

எங்கள் றோஸ் மச்சாள் பயப்படாத சாமான் இந்த உலகத்தில் ஒன்றுமே இல்லை. இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், பாம்பென்று வாயால் சொன்னாலே பயம். எல்லாவற்றுக்கும் மேலே கடலுக்குப் பயம். ஊர்காவற்றுறைக் கரையில், கடலே முற்றமாக இருக்கிற வீட்டுக்கு, ஒரு கடல்தொழிலாளியைக் கட்டிக்கொண்டு வந்தவளுக்குக் கடல் பயம் என்றால் அவள் பாடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணை கடலுக்குப் போனால் திரும்பி வருமட்டும் அவளுக்குச் சோறு இறங்காது. வந்த பிறகு, நாளைக்கும் போவாரே என்று இறங்காது.

அண்ணை என்றால் யாக்கோப்பு, என் மூத்த அண்ணன். நான் மாக்கிறேற். கலியாணம் கட்டாமல் அதே வளவில் பின்னறையில் இருந்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். பொய் இல்லை. "மச்சாள், நீர் பயப்பிடுறதுக்கெண்டே பிறந்தனீர்" என்று அவளுடைய முகத்துக்கு நேரே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவள் கோபிக்க மாட்டாள். "ஓம் மாக்கிறேற், நான் என்ன செய்யிறது, நெஞ்சு தன்பாட்டில அடிக்குது" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஜேர்மனிக்குப் போன எங்கள் சின்னண்ணை ஒரு முதலையை அனுப்பி வைத்தான்.

எண்பத்து நாலாம் ஆண்டு அது. பெரிய மரப்பெட்டியில், கொழும்புக்குக் கப்பலில் வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸின் கூரையில் ஏறி வந்து சேர்ந்தது. உடைத்துப் பார்த்தால் உடுப்பு மினுக்குகிற இயந்திரம். இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் மெத்தை வைத்துத் துணி தைத்திருந்தது. மேல்தட்டு இரும்பு. நடுவில் உடுப்பை விரித்து, கைபிடியைப் பிடித்து மேல்தட்டை இறக்கினால் வாயை மூடிக்கொள்ளும். ஒரு பொத்தானை அமத்தினால் நாலு பக்கத்தாலும் ஆவி சீறும். திறந்தால் சேட் ஒன்று சுருக்கமே இல்லாமல் படுத்திருக்கும். அதைப் பார்க்கவென்றே ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்தது. அதன் வாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "மாமி, இது முதலை" என்று பெயர் வைத்தவன் குருசுமுத்து.

குருசுமுத்து பக்கத்து வளவு எமிலி அக்காவின் மகன். ஒரே மகன். எமிலி அக்காவின் புருஷன் எப்போதோ கடலில் போய்விட்டார். அதனால் மகனைக் கடலுக்கு விடாமல், வீட்டோடு ஒரு சின்ன ஐஸ் வாடி போட்டு நடத்தினாள். மீனுக்கு ஐஸ் அடிக்கிற மோட்டரை அவன்தான் பார்த்துக்கொள்வான். மோட்டரோடு கிடந்து பழகியதால் கரண்ட் வேலை எல்லாம் கைவந்திருந்தது. இருபதைத் தொட்டும் தொடாத வயது. சிரித்தால் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளிக் கேட்கும்.

முதலையைக் கண்ட நாள் தொட்டு மச்சாளுக்கு அதற்கும் பயம்தான். கரண்ட் அடித்துவிடும் என்று றப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, கைபிடியில் காய்ந்த துவாய் ஒன்றைச் சுற்றிக்கொண்டு, சிலுவை போட்டுவிட்டுத்தான் சுவிச்சைத் தட்டுவாள். ஆவி சீறும்போது ஒவ்வொரு முறையும் துள்ளுவாள். பிறகு ஏன் அதைக் கட்டி அழுதாள் என்று கேட்பீர்கள். எங்கள் அந்தோனியார் கோயில் பீடச்சீலைகளையும் சுவாமியாருடைய பூசை உடுப்புகளையும் மினுக்கிக் கொடுப்பது எங்கள் வீட்டுப் பொறுப்பு. அம்மா காலத்திலிருந்து வந்தது. சிரட்டைக்கரி அயன்பெட்டியிலிருந்து ஒரு நெருப்புப் பொறி பறந்து பீடச்சீலையில் ஓட்டை விழுந்த நாள் மச்சாள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. முதலையில் பொறி பறக்காது. அந்தோனியாருக்குப் பயந்து கரண்டுக்குள் கையை விட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணி உவர். அதை ஊற்றினால் முதலையின் தொண்டையில் உப்புக் கட்டி, மஞ்சள் மஞ்சளாகக் கக்கி உடுப்பைப் பாழாக்கும். ஆகவே சாட்டிக் கிணறுகளிலிருந்து பவுசர் வண்டியில் வருகிற நல்ல தண்ணியில் ஒரு போத்தல் முதலைக்கென்று எடுத்து வைக்கப்படும். "மனுசனுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை, முதலைக்குச் சாட்டித் தண்ணி" என்று அண்ணை பகிடி பண்ணுவார். பகிடி பண்ணிவிட்டு அவரே போய் எடுத்து வருவார்.

இனிக் குருசடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வளவுக்கு முன்னே, கரையோரத்தில், அந்தோனியாருக்குச் சிலுவை வைத்த சின்னதொரு குருசடிக் கோயில் இருந்தது. பொழுதுபட அங்கே விளக்கு ஏற்றுவது வழக்கம். பிந்தி வருகிற வள்ளங்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கரை பிடிக்கும். முன்பு எண்ணெய் விளக்கு. பிறகு அண்ணை எங்கள் வீட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து ஒரு பல்ப் போட்டார். கடலைப் பார்த்தபடி எரிகிற பல்ப்.

முதலை வந்த பிறகு அந்த பல்ப் ஒரு கூத்துக் காட்டத் தொடங்கியது. மச்சாள் உடுப்பு மினுக்குகிற நேரங்களில் அது மங்கும், பிறகு பளிச்சென்று எரியும், மறுபடி மங்கும். மச்சாள் பயந்து போனாள். குருசுமுத்து வந்து பார்த்துச் சிரித்தான்.

"மாமி, நாங்கள் லைனின்ர கடைசியில இருக்கிறம். இந்த ஒழுங்கையில எல்லா வீட்டிலயும் லைட் எரியுது, எங்கட ஐஸ் மோட்டரும் இழுக்குது. அதோட உங்கட முதலையும் வாய வைச்சா லைன் தாங்காது. முதலைக்குச் சூடு காணுமெண்டால் தன்பாட்டில நிக்கும், பல்ப் எரியும். சூடு குறைஞ்சால் திருப்பி இழுக்கும், பல்ப் மங்கும். பயப்பிடாதேங்கோ. அந்தோனியார் உங்களைப் பாத்துக் கண் சிமிட்டுறார்."

அன்றிலிருந்து அது எங்களுக்கு ஒரு விளையாட்டுப் பேச்சாகிவிட்டது. கடலில் நிற்கிறவர்கள்கூடக் கரையைப் பார்த்து, "அங்க பார், றோஸ் மினுக்கத் தொடங்கீட்டா" என்று சிரிப்பார்களாம். கடலில் எங்கள் ஆட்கள் மட்டும் இல்லை, எதிர்க்கரையிலும் கண்கள் இருக்கின்றன என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படியொரு மடைத்தனத்தை நாங்கள்தான் செய்திருப்போம்.

எதிர்க்கரையில் கடற்படை முகாம் இருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு நாங்கள் பெயர் சொல்வதில்லை. "அவங்கள்" என்போம். எல்லோருக்கும் விளங்கும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஆனியில் அந்தோனியார் பெருநாளுக்குக் கொடி ஏறியது. பீடச்சீலை, பூசை உடுப்பு, சுரூபத்துக்குப் போடுகிற பட்டு எல்லாம் எங்கள் வீட்டுக் கதிரைகளில் மலைபோல் குவிந்து கிடந்தன. பகலில் கரண்ட் இராது. பொழுதுபடத்தான் வரும். வந்த உடனே மச்சாள் முதலைக்கு முன்னால் நிற்பாள். ஒவ்வொரு மாலையும் அந்தோனியார் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கிழமை எதிர்க்கரையிலிருந்து தேடுவிளக்கு ஒன்று இடையிடையே வந்து எங்கள் கரையைத் தடவிவிட்டுப் போனது. "கள்ளமாய்க் கடலுக்குப் போறவனைத் தேடுறாங்கள்" என்று அண்ணை சொன்னார். மச்சாள் யன்னலைச் சாத்திவிட்டு மினுக்கினாள்.

அவங்கள் ஒரு மத்தியானம் வந்தாங்கள்.

படகு கரையில் முட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சப்பாத்துச் சத்தம். அண்ணை குருசடி நிழலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் குசினி யன்னலால் பார்த்தேன். அவரை எழுப்பி, வலையைக் காலால் தள்ளிவிட்டு, வெய்யிலில் முழங்காலில் இருத்தினாங்கள். கைகள் தலைக்குப் பின்னால். ஒருவன் துவக்கைக் கழுத்துக்கு நேரே பிடித்திருந்தான். ஒழுங்கையில் ஒவ்வொரு கதவாகச் சாத்துப்படுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நாய்கூட வெளியில் இல்லை.

மச்சாள் என் கையைப் பிடித்தாள். நீளமான வாய் என்று சொன்னேனே, அன்றைக்கு அதிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதிகாரி ஒருவன் பல்பைப் பார்த்தான். வயரைப் பார்த்தான். வயரின் பின்னாலேயே நடந்து எங்கள் வாசலுக்கு வந்தான்.

"இந்த வயர் யாருடைய?"

தமிழ் கொச்சையாக இருந்தாலும் விளங்கியது.

"எங்கட, ஐயா" என்றாள் மச்சாள். குரல் வெளியில் வந்ததே எனக்குப் புதினமாக இருந்தது.

"ஒவ்வொரு நாளும் சிக்னல் குடுக்குறது. லைட் கூடும், குறையும். யாருக்கு?"

"சிக்னல் இல்லை ஐயா. முதலை ஐயா."

"முதலை யாரு? பெரிய ஆளா?"

மச்சாளுக்கு அப்போதுதான் தான் சொன்னது விளங்கியது. அழுது அழுது, கையால் காட்டிக் காட்டி, அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய் இயந்திரத்தைக் காட்டினாள். பீடச்சீலைகளைக் காட்டினாள். குருசுமுத்து சொன்ன லைன் கதையை, தனக்கு விளங்கிய மட்டும், திக்கித் திக்கிச் சொன்னாள். அவன் முதலையின் வாயைத் திறந்து பார்த்தான். கெட்டவன் மாதிரித் தெரியவில்லை, நல்லவன் மாதிரியும் தெரியவில்லை. களைத்துப்போன ஒருவன் மாதிரி இருந்தான்.

"போட்டுக் காட்டு."

"கரண்ட் இல்லை ஐயா. பொழுதுபடத்தான் வரும்."

அவன் ஒரு கதிரையில் கிடந்த பூசை உடுப்பைத் தூக்கிப் பக்கத்தில் போட்டுவிட்டு அதில் இருந்தான்.

"அப்ப இருப்பம். கரண்ட் வந்து, நீ சொன்ன மாதிரி லைட் செய்தா, உன் புருஷன் வீட்டுக்கு. செய்யாட்டி எங்களோட."

எங்களோட என்றால் என்னவென்று அந்த ஆண்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரலில் எண்ணலாம். வந்தவர்களும் பழைய ஆட்களாக வரவில்லை.

அந்தப் பின்னேரத்தைப் போல ஒன்றை நான் என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன். யன்னலால் பார்த்தால் அண்ணை வெய்யிலில் முழங்காலில். வீட்டுக்குள்ளே அவன். மச்சாள் முதலைக்குச் சாட்டித் தண்ணி ஊற்றினாள். பாதி தரையில் போனது. பீடச்சீலையை விரித்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள். செபமாலையைக்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. "மாக்கிறேற், கரண்ட் வருமே? இண்டைக்கு வருமே?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். வரும் என்று நான் சொன்னேன். எனக்கென்ன தெரியும்? வராமல் போன நாட்களும் உண்டு. கரண்டுக்காக அப்படி நான் மன்றாடியது அன்றைக்கு மட்டும்தான்.

பொழுது சாய்ந்தது. குருசடி பல்ப் எரிந்தது.

"அந்தோனியாரே" என்றாள் மச்சாள். செருப்பும் இல்லை, துவாயும் இல்லை, சிலுவையும் இல்லை. ஓடிப்போய்ச் சுவிச்சைத் தட்டினாள். முதலையின் சின்னச் சிவப்பு லைட் எரிந்தது. அதிகாரி யன்னலடிக்கு வந்து பல்பைப் பார்த்தபடி நின்றான். கையில் ஒரு ரேடியோ வைத்திருந்தான். அதில் அக்கரையோடு ஏதோ பேசினான். அங்கேயும் பார்க்கிறார்கள் என்று விளங்கியது.

முதலைக்குச் சூடேறியது. மச்சாள் பீடச்சீலையை வைத்து வாயை மூடிப் பொத்தானை அமத்தினாள். ஆவி சீறியது. வாசலில் நின்றவர்கள் துவக்கை அவளுடைய நெஞ்சுக்கு நேரே நீட்டினார்கள். அவள் கைபிடியை விடவில்லை. ஆவி சீறியும் அவள் துள்ளாத முதல் நாள் அதுதான்.

பல்ப் எரிந்தது. ஒரே சீராக எரிந்தது. மங்கவில்லை.

நாங்கள் பார்த்தோம். அவனும் பார்த்தான். முதலை ரிக் என்று நின்றது, மறுபடி தொடங்கியது. பல்ப் அசையவேயில்லை. பெருநாள் விளக்கு மாதிரி நல்ல வெளிச்சமாக நின்றது. அந்த வெளிச்சத்தில் அண்ணையின் முகம் தெரிந்தது. அவரும் பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லையே" என்றான் அதிகாரி. வாசலைப் பார்த்து அவன் பாஷையில் ஏதோ சொன்னான். வெளியில் அண்ணையைத் தூக்கி நிறுத்தினாங்கள்.

மச்சாள் யன்னலுக்கு வந்தாள். கடல் பக்கம் பார்க்கவில்லை. ஒழுங்கைப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒழுங்கை முழுக்க ஒரே இருட்டு. ஒரு வீட்டிலும் லைட் இல்லை. ஐஸ் மோட்டர் சத்தம் இல்லை. எல்லோரும் பயத்தில் விளக்கை நூத்துவிட்டு, ஆளில்லாத வீடு மாதிரி மூச்சடக்கிக்கொண்டு இருந்தார்கள். லைனில் எங்களைத் தவிர இழுக்க ஒருத்தரும் இல்லை. கரண்ட் தாராளமாக வந்துகொண்டிருந்தது. எங்கள் சனத்தின் பயம் என் அண்ணையைக் கொண்டுபோகப் பார்த்தது.

றோஸ் மச்சாள் ஓடினாள்.

அவங்களுக்கு முன்னால் ஓடினால் சுடுவாங்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பின்னால் யாரோ கத்தினான். துவக்குப் பூட்டுத் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்டதோ தெரியாது. தலைமயிர் அவிழ்ந்து, வெறுங்காலோடு, நாய்க்குப் பயந்தவள் ஒழுங்கையின் நடுவில் நின்று கத்தினாள்.

"லைட்டைப் போடுங்கோ! ஆண்டவரே, எல்லாரும் லைட்டைப் போடுங்கோ! என்ர மனுசனைக் கொண்டு போகப் போறாங்கள்!"

அதிகாரி கையை உயர்த்திச் சுட வேண்டாம் என்று காட்டினான். ஏனென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஒருவேளை அவனுக்கும் பார்க்க வேண்டும் போலிருந்ததோ என்னவோ.

ஒரு கதவும் திறக்கவில்லை. அவள் கதவு கதவாகத் தட்டினாள். ஒழுங்கை முனையில் தோம்மா வீட்டில் ஒரு பல்ப் எரிந்தது. கொஞ்சம் பொறுத்து எதிர் வீட்டில் ஒன்று. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு லைட்டும் எரிந்தபோது அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று அவங்களுக்குத் தெரிந்துபோகும். தெரிந்துதான் போட்டார்கள். ஆனால் குருசடி பல்ப் கொஞ்சம் சோர்ந்ததே தவிர மங்கவில்லை. அது காணாது. மோட்டர் வேண்டும்.

எமிலி அக்காவின் கதவில் அவள் தலையால் முட்டினாள்.

"அக்கா, மோட்டரைப் போடுங்கோ. உங்கட காலில விழுறன், மோட்டரைப் போடுங்கோ."

உள்ளேயிருந்து எமிலி அக்காவின் குரல், கதவோடு வாயை வைத்துச் சொன்ன மாதிரி, மெதுவாக வந்தது.

"றோஸ், பெடியன் உள்ளுக்கை இருக்கிறான்."

மச்சாள் அப்படியே நின்றாள். அந்த வயதுப் பெடியன் அவங்களின் கண்ணில் படுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அவனைக் கையில் வைத்துச் சோறு தீத்தியவள் அவள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கதவில் இருந்து கையை எடுத்தாள். திரும்பிக் கடற்கரையைப் பார்த்தாள். அண்ணையைப் படகுப் பக்கம் நடத்திக்கொண்டு போனாங்கள்.

"தெரியும் அக்கா" என்றாள்.

வாசற்படியில் இருந்துவிட்டாள். உள்ளே ஏதோ பேச்சுக் கேட்டது. பிறகு மோட்டர் உறுமியது.

குருசடி பல்ப் மங்கியது. சிவந்து, சுருங்கி, ஒரு சுருட்டு நெருப்பு மாதிரி ஆகியது. வீட்டுக்குள் முதலை ரிக் என்று நின்றது. பல்ப் பளிச்சென்று எரிந்தது. மறுபடி மங்கியது. அதிகாரியின் ரேடியோவில் அக்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. என்ன சொன்னதென்று எனக்கு விளங்கவில்லை. அவன் தலையாட்டினான். படகடியைப் பார்த்து ஒரு சொல் சொன்னான். அண்ணையை விட்டாங்கள்.

அவர் நடக்க மாட்டாமல் மணலில் விழுந்து கிடந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். உயிர் வந்தது என்று நினைத்தேன். உண்மையாக அப்படித்தான் நினைத்தேன்.

அதிகாரி போகவில்லை. தலையைச் சரித்து மோட்டர் சத்தத்தைக் கேட்டான்.

"அது யாரு போடுறது?"

அவனுக்குப் பதில் தேவைப்படவில்லை. நாலைந்து பேர் எமிலி அக்காவின் வளவுக்குள் போனார்கள். மோட்டர் நின்றது. குருசுமுத்துவை வெளியே கொண்டு வந்தார்கள். சாறத்தோடு, வெறும் மேலோடு, ஐஸ் வாடியில் நின்ற கோலத்திலேயே வந்தான். சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை. எமிலி அக்கா அவனுடைய சேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். "சேட்டைப் போட விடுங்கோ, குளிரும் ஐயா, கடற்காத்து" என்று ஓடினாள். ஒருவன் துவக்கைக் குறுக்கே பிடித்து அவளை நிறுத்தினான். வெள்ளையில் நீலக் கோடு போட்ட சேட். படகு போகும்வரை அதை நீட்டிப் பிடித்தபடியே நின்றாள்.

குருசடி பல்ப் அப்போது நல்ல வெளிச்சமாக எரிந்தது.

குருசுமுத்து திரும்பி வரவில்லை. எமிலி அக்கா போகாத இடம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. சுவாமியார் போய்க் கேட்டார். அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை என்றார்களாம். அந்தப் பெருநாள் கொண்டாடப்படவில்லை. மினுக்கின பீடச்சீலைகள் மடித்தபடியே கோயில் அலுமாரிக்குப் போயின. குருசடி வயரை அண்ணையே வெட்டினார்.

மச்சாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் இடிக்குப் பயப்படவில்லை. நாய் குரைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய பயங்கள் எல்லாவற்றையும் ஒரே பயம் விழுங்கிவிட்டது. எமிலி அக்காவின் செருப்புச் சத்தத்துக்கு அவள் பயந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டால் குசினிக்குள் ஓடி அடுப்படியில் குந்திவிடுவாள். கோயிலுக்கு முதல் பூசைக்குப் போகாமல் கடைசிப் பூசைக்குப் போனாள். முதலையை ஒரு பழைய பாயால் சுற்றி மூலைக்குள் தள்ளிவிட்டாள். "மச்சாள், நீரென்ன அவனைப் பிடிச்சுக் குடுத்தனீரே?" என்று நான் கத்தியும் பார்த்தேன். "மாக்கிறேற், நான் தெரியும் எண்டு சொன்னனான்" என்றாள்.

ஒரு நாள் பின்னேரம் எமிலி அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். மச்சாளுக்கு ஓட நேரம் கிடைக்கவில்லை. விறாந்தையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அடிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். அடித்தால் பிடிக்கக் கூடாது என்றும் நினைத்தேன்.

எமிலி அக்காவின் கையில் அந்தச் சேட் இருந்தது.

"றோஸ், இதை ஒருக்கா உன்ர மிசினில மினுக்கித் தா."

மச்சாள் அந்தச் சேட்டைப் பார்த்தாள்.

"தோய்ச்சுப் போட்டன். கழுத்துப்பட்டை மடிஞ்சு மடிஞ்சு நிக்குது, என்ர அயன்பெட்டிக்குச் சரிவரேல்லை. பிள்ளை வெறும் மேலோட போனவன். வரேக்க போட வேணும்."

"அக்கா, நான் அண்டைக்கு..."

"மோட்டரை நான் போடேல்லை றோஸ்." எமிலி அக்கா சேட்டைத்தான் பார்த்துப் பேசினாள். "நான் போட்டிருக்கவும் மாட்டன். நீ குழறக் குழற நான் காதைப் பொத்திக்கொண்டு இருந்தனான். அவன்தான் எழும்பினவன். போகாத எண்டு கையைப் பிடிச்சன். 'அம்மா, றோஸ் மாமி நாய்க்கே பயப்பிடுறவ. அவ ரோட்டில நிண்டு கத்துறா, நான் உள்ளுக்கை இருக்கிறதே' எண்டான். கையை உதறிப்போட்டுப் போய்ப் போட்டவன்."

மச்சாள் சுவரோடு வழுகித் தரையில் இருந்தாள். எமிலி அக்காவும் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் அழவில்லை. நான்தான் குசினிக்குள் போய் அழுதேன்.

பிறகு மச்சாள் எழும்பி, பாயை அவிழ்த்து, சாட்டித் தண்ணி ஊற்றி, கரண்ட் வருமட்டும் காத்திருந்து அந்தச் சேட்டை மினுக்கினாள். கழுத்துப்பட்டையை முதலில் வைத்தாள், பிறகு கைகள், பிறகு முதுகு. எமிலி அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்றிலிருந்து பெருநாள் வந்தால், மார்கழியில் நத்தார் வந்தால், குருசுமுத்து பிறந்த நாள் வந்தால் அந்தச் சேட் எங்கள் வீட்டுக்கு வரும். கசங்கியிராது. அலுமாரிக்குள் இருந்த உடுப்பு எப்படிக் கசங்கும்? ஆனாலும் மச்சாள் மினுக்குவாள். முதலை வேறு ஒரு உடுப்பையும் அதற்குப் பிறகு தொடவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியோடு கரண்ட் நின்றது. நின்றது நின்றதுதான். அந்தப் பெருநாளுக்கும் எமிலி அக்கா சேட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். "கரண்ட் வரேக்க மினுக்கி வை" என்றாள். கரண்ட் வரவில்லை. ஆவணியில் குண்டுகள் வந்தன. எங்கள் தீவை அவங்கள் பிடித்தாங்கள். நாங்கள் உடுத்த உடையோடு யாழ்ப்பாணப் பக்கம் ஓடினோம். எமிலி அக்கா வேறு படகில் போனாள். முதலை விறாந்தை மூலையிலேயே கிடந்தது.

அகதியாக ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தபோது எமிலி அக்கா எங்களைத் தேடிப் பிடித்தாள். முதலில் எங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தாள். பிறகு வாய் திறந்து கேட்கப் பயந்தவள் மாதிரி மச்சாளின் முகத்தைப் பார்த்தாள்.

மச்சாள் தான் படுத்திருந்த பாயைத் தூக்கினாள். அடியில் ஒரு பழைய சீலைத்துண்டில் சுற்றி அந்தச் சேட் இருந்தது. எடுத்து விரித்தாள். ஒரு சுருக்கம் இல்லை. கழுத்துப்பட்டை நேராக நின்றது. ஓடி வந்தபோது சீலைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள், ஆனியிலிருந்து ஒவ்வொரு இரவும் அதன் மேலேதான் படுத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மினுக்கித்தான் இருக்கு அக்கா" என்றாள்.